கூரையும் வேண்டும், குரலும் வேண்டும்

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் புதுப்புது ஊர்கள் முளைக்கின்றன. அவற்றுக்குப் பெயர் கிடையாது; தெரு கிடையாது; கதவு எண் கிடையாது. வரப்போரத்தில் நாலு கழி, மேலே கரும்புச் சோகை, அதற்கு மேல் ஒரு தார்ப்பாய். அதுதான் வீடு. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இருக்கிற கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு போய்ச் சேருவது இங்கே படுத்தெழும் கைகளால்தான். வெட்டு முடிந்ததும் வயலில் சோகையைக் கொளுத்துவார்கள். மூட்டை முடிச்சுகளோடும் குழந்தைகளோடும் அந்த ஊர் அடுத்த வயலுக்கு நடக்கும்.

அரிசி ஆலைகளிலும் இதே கதைதான். நெல் காயும் களத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் இரண்டு மூன்று குடும்பங்கள். முன்பணம் கழிகிற வரை அதுதான் வீடு. கணக்குத் தீர்ந்தாலும் தகராறு வந்தாலும் அன்றைக்கே வீடும் போய்விடும். கல்வராயன் மலையிலிருந்து குடகுக் காப்பித் தோட்டத்துக்கும் கேரளத்து மிளகுத் தோட்டத்துக்கும் போய்த் திரும்புகிறவர்கள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் பஸ் நிலையத்துச் சிமெண்டுத் தரையே கட்டில்.

வீடற்றவர்கள் என்றதும் சென்னை நடைபாதையில் படுத்திருப்பவர்களைத்தான் நாம் நினைக்கிறோம். ஆனால் வீடற்றவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். இதைப் படிக்கிற தோழர்களில் சிலரும் அவர்களில் சேர்ந்தவர்கள்தாம்.

2011 ஜனத்தொகைக் கணக்கில் நாடு முழுவதும் வீடற்றவர்கள் ஏறத்தாழ 17 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று எழுதினார்கள். அதில் 9 லட்சத்துக்கு மேல் நகரங்களில். 8 லட்சத்துக்கு மேல் கிராமங்களில். அதாவது ஏறக்குறையப் பாதிப் பேர் கிராமத்தவர்கள். ஒரே இரவில் தெருத்தெருவாகப் போய் எண்ணிய கணக்கு இது. வரப்போரத்துத் தார்ப்பாயும் ஆலைக் கொட்டகையும் இந்தக் கணக்கில் எவ்வளவு தூரம் ஏறியிருக்கும் என்பதைத் தோழர்களே யோசித்துக்கொள்ளலாம்.

கூலிக்காரன் ஆபீசுக்குப் போய் வீடு கேட்டால் என்ன நடக்கிறது? “உனக்குத்தான் மலையில் வீடு இருக்கிறதே” என்கிறார்கள். மலைக்குப் போய்க் கேட்டால், “மனைக்குப் பட்டா எங்கே?” என்கிறார்கள். நகரத்தில் கேட்டால், “நீ இந்த ஊர்க்காரன் இல்லையே” என்கிறார்கள். மூன்று வாசலிலும் மூன்று நியாயம். மூன்றுக்கும் முடிவு ஒன்றுதான்: போய் வா.

இந்த நிலையில் யார் கை கொடுக்கிறார்கள்? அங்கங்கே தர்ம ஸ்தாபனங்கள் இருக்கின்றன. இரவில் சாப்பாட்டுப் பொட்டலம் தருகிறார்கள். மழைக்காலத்தில் போர்வை தருகிறார்கள். நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். இதைக் குறைத்துப் பேச நமக்கு விருப்பமில்லை. நம் தோழர்களில் சிலர், “தர்மம் செய்வது முதலாளித்துவத்தின் முகத்துக்குப் பூசுகிற பவுடர், நமக்கு அது எதற்கு?” என்று கேட்கிறார்கள். குளிரில் நடுங்குகிற குழந்தையிடம் போய், சமுதாயம் மாறும் வரை காத்திரு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. போர்வை இன்றைக்கே வேண்டும்.

ஆனால் போர்வை கொடுத்தவர்கள் போர்வையோடு நின்றுவிட்டால் அடுத்த வருஷமும் அதே குழந்தை அதே தரையில் நடுங்கும். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயத்துக்கு அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் பலியானபோது இதைக் கண்ணால் பார்த்தோம். மந்திரிகள் வந்தார்கள், கார்கள் வந்தன, நிவாரணமும் வந்தது. கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கையைப் பற்றிச் சென்னை ஹைகோர்ட்டு தானாகவே வழக்கு எடுத்து விசாரிக்கத் தொடங்கியதும் அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். மலையில் ரோடு இல்லை, ஆஸ்பத்திரி வசதி போதவில்லை என்பதெல்லாம் அன்று புதிதாக முளைத்த சங்கதிகளா? அறுபது பிணம் விழுவதற்கு முன்பே அதைக் கணக்கெடுத்து, எழுதி, கேட்டுக்கொண்டே இருக்க ஒரு நிரந்தரமான கூட்டு ஸ்தாபனம் இல்லாமல் போனதுதான் குறை.

இன்று நாம் சொல்ல விரும்புவது இதைத்தான். தனித்தனியாக நிற்கிற உதவி ஸ்தாபனங்களும் தொழிற்சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் ஒரு சம்மேளனமாகச் சேரவேண்டும். அந்தச் சம்மேளனம் ஒரு கையால் உதவ வேண்டும். மறு கையால் சட்டத்தை மாற்றப் போராட வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் காரியம் நடக்காது.

சம்மேளனம் என்ன செய்யும்? தனி ஸ்தாபனத்துக்குத் தன் வாசலில் வந்த நாற்பது பேரைத் தெரியும். நூறு ஸ்தாபனங்கள் சேர்ந்தால் நாலாயிரம் பேரின் கதை ஒரே கணக்காகும். அந்தக் கணக்கைச் சர்க்கார் மேஜையில் வைக்கலாம். ஓரிடத்தில் கற்ற வேலையை இன்னோரிடத்துக்குச் சொல்லிக் கொடுக்கலாம். வக்கீல் வைக்க முடியாத சின்ன ஸ்தாபனத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகலாம். சட்ட நகலைத் தானே எழுதிச் சட்டசபை வாசலில் நிற்கலாம். பழிவாங்கப்படுவோமோ என்று பயந்து தனி ஸ்தாபனம் பேசாத பேச்சைச் சம்மேளனம் பேசலாம். ஆலையில் ஒரு தொழிலாளி தனியே கேட்டால் கதவைக் காட்டுகிறார்கள். சங்கம் கேட்டால் நாற்காலி போடுகிறார்கள். இது நமக்குப் புதுப் பாடமல்ல.

வெளிநாட்டிலிருந்து ஓர் உதாரணம். இங்கிலாந்தில் 1966-ல் சில வீட்டுவசதி ஸ்தாபனங்கள் சேர்ந்து ‘ஷெல்டர்’ என்ற அமைப்பைத் தொடங்கின. அக்காலத்தில் அங்கே வீடிழந்த குடும்பம் விடுதிக்குப் போனால் புருஷனை வெளியே நிறுத்தினார்கள். சில இடங்களில் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். வீடில்லாதது குடும்பத்தின் குற்றம் என்பது அவர்கள் எண்ணம். உதவி ஸ்தாபனங்கள் கூட்டுக் குழு அமைத்துப் பல வருஷம் பிரசாரம் செய்தன. 1977-ல் வீடற்றோர் சட்டம் வந்தது. குழந்தைகள் உள்ள குடும்பம், முதியோர், நோயாளிகள் வீடிழந்தால் அவர்களுக்கு வீடு காட்டுவது உள்ளூர் நிர்வாகத்தின் கடமை என்று அது சொல்லியது. தனியாட்களில் பெரும்பாலோரை அது விட்டுவிட்டது என்ற குறையும் உண்டு. அதற்காகப் பிறகும் போராடினார்கள். அன்றுவரை தர்மமாக இருந்தது 1977-க்குப் பிறகு கடமையாயிற்று. இன்று அங்கே வீடற்றோருக்காக வேலை செய்கிற ஸ்தாபனங்களுக்கென்றே ‘ஹோம்லெஸ் லிங்க்’ என்ற சம்மேளனம் இருக்கிறது. ஐரோப்பா முழுவதற்கும் ‘ஃபியான்ட்சா’ என்ற சம்மேளனம் 1989 முதல் இருக்கிறது.

வெள்ளைக்காரன் நாட்டுக் கதை நமக்கெதற்கு என்பீர்கள். நம் நாட்டுக்கு வருவோம். டில்லியில் 2009 டிசம்பர் குளிரில், புசா ரோட்டருகே வீடற்றோர் தங்கியிருந்த தற்காலிக உறைவிடத்தை நகராட்சி நிர்வாகம் பெயர்த்தெறிந்தது. அங்கே வீடற்றோருக்காக வேலை செய்தவர்கள் அதற்கு முந்திய வருஷமே ‘ஷஹரி அதிகார் மஞ்ச்’ என்ற கூட்டமைப்பாகச் சேர்ந்திருந்தார்கள். குரல் கிளம்பிற்று, பத்திரிகைகள் எழுதின, ஹைகோர்ட்டு கேள்வி கேட்டது. உணவு உரிமைக்காகப் பி.யு.சி.எல். 2001-ல் போட்டிருந்த வழக்கில் நியமிக்கப்பட்ட கமிஷனர்கள் 2010 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கடிதம் எழுதினார்கள். அதன்பிறகு வந்த உத்தரவு என்ன? பெரிய நகரங்களில் லட்சம் ஜனங்களுக்கு ஒரு உறைவிடம். அது வருஷம் முழுவதும், இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். 2013-ல் மத்திய சர்க்கார் நகர்ப்புற வீடற்றோருக்கென உறைவிடத் திட்டமும் கொண்டுவந்தது. ஒரு கொட்டகையை இடித்ததில் தொடங்கிய சண்டை நாடு முழுவதற்கும் ஒரு விதியாயிற்று. உத்தரவு வந்ததும் எல்லாம் நடந்துவிட்டதா? இல்லை. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு விசாரணைக் கமிட்டி போட வேண்டி வந்தது. ஒதுக்கிய பணம் செலவாகாமல் கிடக்க, ஜனங்கள் தெருவில் கிடந்ததை அந்தக் கமிட்டி கண்டது. காகிதத்தில் வென்றதைத் தரையில் வெல்லவும் சம்மேளனம் விழித்திருக்க வேண்டும்.

இந்த அளவுகோலில் நமக்கு ஒரு குறையும் இருக்கிறது. லட்சம் ஜனங்களுக்கு ஒன்று என்பது பெரிய நகரத்தை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. கள்ளக்குறிச்சி நகரத்தின் ஜனத்தொகை 2011-ல் 52 ஆயிரம் சொச்சம். ஆனால் 2019 முதல் அது ஒரு மாவட்டத்தின் தலைநகரம். மலையிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் கூலிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் வருகிறவர்களை யார் எண்ணுவது?

எண்ணுவதைப் பற்றிச் சொல்லும்போது ஒரு தமிழரை நினைக்காமல் இருக்க முடியாது. ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்தவர். பிழைப்புக்காகப் பம்பாய்க்குப் போனார். ஜனதா காலனி என்ற சேரியில் வாழ்ந்தார். 1976-ல், அவசர நிலைக் காலத்தில், அந்தக் காலனியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அவர் கட்டியெழுப்பிய அகில இந்தியக் குடிசைவாழ் மக்கள் சம்மேளனம் பல நகரங்களுக்குப் பரவிற்று. 1996-ல் பல நாட்டுக் குடிசைவாசிகளின் அமைப்பாகவும் விரிந்தது. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்தபோது ஏறக்குறைய ஆறாயிரம் குடும்பங்களின் விவரத்தை மக்களே முன்னின்று சேகரித்துக் கொடுத்தார்கள். திருடர்கள், சோம்பேறிகள் என்று ஏசப்பட்டவர்கள் நகரத்துக்கு உழைக்கிற கூலிக்காரர்கள் என்பது அந்தக் கணக்கில் வெளியாயிற்று. அவர் 2018-ல் மறைந்தார். யாருக்கு வீடில்லையோ அவனே சங்கத்தின் அங்கத்தினனாக இருக்க வேண்டும் என்பது அவர் வாழ்ந்து காட்டிய பாடம்.

இனி நம் மலைக்கு வருவோம். கல்வராயன் மலை தலைமுறை தலைமுறையாக மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. நாடு விடுதலையாகி ஏறத்தாழ முப்பது வருஷம் கழித்து, 1976-ல்தான் அந்தப் பிடி முழுதாக விட்டது. மலையில் குடியிருக்கிற மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிட்டு வந்தவர்கள். வீடு இருக்கிறது, மனைக்குக் காகிதம் இல்லை. காகிதம் இல்லாதவனை எந்த ரேஞ்சரும் எந்த நாளும் ‘ஆக்கிரமிப்பாளன்’ என்று சொல்லிவிடலாம்.

2002 மே மாதத்தில் மத்திய சர்க்காரின் வனத்துறை, காட்டு நிலத்து ‘ஆக்கிரமிப்பாளர்’களை வெளியேற்றச் சொல்லி எல்லா ராஜ்யங்களுக்கும் உத்தரவு போட்டது. பல பிரதேசங்களில் யானைகளை விட்டே குடிசைகளை இடித்தார்கள். அதை எதிர்த்துப் பல ராஜ்யங்களின் ஆதிவாசி ஸ்தாபனங்கள் ஒன்றாகச் சேர்ந்து, வாழ்வுக்கும் கௌரவத்துக்குமான ஓர் இயக்கத்தைத் தொடங்கின. இடதுசாரிக் கட்சிகளும் பார்லிமெண்டில் குரல் கொடுத்தன. அதன் பலன் 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்து காட்டு நிலத்தில் குடியிருந்து உழுகிற பழங்குடிக் குடும்பத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு என்கிறது அது. உழுகிற நிலத்துக்கு மட்டுமல்ல, குடியிருக்கிற மனைக்கும் உரிமை. விசாரணை முடிகிற வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. மனுவை முதலில் பார்ப்பது கிராமசபை.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது? 2008-ல் ஹைகோர்ட்டில் வந்த இடைக்கால உத்தரவால் பட்டா கொடுப்பது முடங்கிற்று. 2016-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை நீக்கும் வரை எட்டு வருஷம் வீணாயிற்று. 2019 பிப்ரவரி 13-ல் மனு தள்ளுபடியானவர்களை வெளியேற்றச் சொல்லிச் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட்டது. நாடெங்கும் கிளர்ச்சி எழுந்ததும் 28-ம் தேதி அதை நிறுத்தி வைத்தது. ஐக்கியம் இருந்ததால் இரண்டு வாரத்தில் தடை வந்தது. இல்லாதிருந்தால் எத்தனை லட்சம் குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும்!

நமக்குப் பக்கத்து மாவட்டத்து வாச்சாத்தியை மறக்க முடியுமா? 1992 ஜூன் 20-ல் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையும் போலீசும் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் புகுந்தன. 18 பெண்கள் நாசமாக்கப்பட்டார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. ஊரே காட்டுக்குள் ஓடி ஒளிந்தது. சிறைக்குப் போனவர்கள் போக, மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் மரத்தடிதான் வீடு. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் அந்த மக்களைத் தேடிப் போயிற்று. அரிசியும் துணியும் கிடைக்க வழி செய்தது, கோர்ட்டுக்கும் போயிற்று. 19 வருஷம் கழித்து 2011 செப்டம்பர் 29-ல், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. 2023-ல் ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. அரிசியோடு நின்றிருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திருக்காது. அரிசியே போகாமல் வழக்கு மட்டும் போயிருந்தால் சாட்சி சொல்ல ஊர் மிஞ்சியிருக்காது. கூரையும் குரலும் சேர்ந்தே போகவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

சம்மேளனத்துக்கு வரக்கூடிய வியாதிகளையும் சொல்லிவிடுவோம். சர்க்கார் மானியத்தில் உறைவிடம் நடத்துகிறவர்கள், மானியம் நின்றுவிடுமோ என்று வாயை மூடிக்கொள்வதுண்டு. பெரிய மனிதர்கள் மேடையில் உட்கார, வீடற்றவன் கீழே கும்பிட்டுக்கொண்டு நிற்பதுண்டு. தலைநகரில் மாநாடு கூடும். வெள்ளிமலைக்கு ஒரு நோட்டீஸ்கூட வராது. இவற்றுக்கு மருந்து ஒன்றுதான்: வீடற்ற தொழிலாளி கமிட்டியில் இருக்க வேண்டும், வரவு செலவைக் கேட்க வேண்டும். வாங்குகிறவனாக மட்டும் அவனை வைத்திருக்கிற ஸ்தாபனம் எவ்வளவு பெரியதானாலும் தர்மசத்திரம்தான்.

கள்ளக்குறிச்சியில் செய்யவேண்டியது என்ன? நாம் முன்வைக்கும் யோசனைகள் இவை:

1. ஆலைத் தொழிலாளர் சங்கங்கள், விவசாயத் தொழிலாளர் சங்கம், மலைவாழ் மக்கள் சங்கம், ஊரில் உதவி செய்துவரும் ஸ்தாபனங்கள், மாதர் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டுக் கமிட்டி அமைக்க வேண்டும். எந்த மதத்து ஸ்தாபனமானாலும், எந்தக் கொடியானாலும், தடையில்லை.

2. அடுத்த வெட்டுக் காலத்தில் நாமே கணக்கெடுக்க வேண்டும். எந்த வயலோரத்தில் எத்தனை குடும்பம், எந்த ஆலைக் கொட்டகையில் எத்தனை குழந்தை, பள்ளிக்கூடம் போகிறதா, ரேஷன் கிடைக்கிறதா என்பதை ஊர் ஊராக எழுத வேண்டும்.

3. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தருகே, ஆண்களுக்கும் பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் தனித்தனி இடமுள்ள, இரவும் பகலும் திறந்திருக்கிற உறைவிடம் வேண்டும். ஜனத்தொகை போதாது என்ற சாக்கு கூடாது.

4. வெளியூர் ஆட்களை அழைத்துவரும் ஆலையும் தோட்டமும் வெட்டு மேஸ்திரியும் தங்குமிடம், குடிநீர், கழிப்பிடம் கொடுத்தே ஆகவேண்டும். வேலை போன அன்றே வீட்டைவிட்டுத் துரத்துவது தடுக்கப்பட வேண்டும்.

5. கல்வராயன் மலையில் வன உரிமை மனுக்கள் எல்லாவற்றையும் கிராமசபையில் வைத்து, காலவரை போட்டு முடிக்க வேண்டும். தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும்.

6. 2024-ல் ராஜ்ய சர்க்கார் தொடங்கிய ‘கலைஞர் கனவு இல்லம்’ திட்டம் குடிசைக்குப் பதிலாக மூன்றரை லட்ச ரூபாயில் வீடு என்கிறது. பட்டா இல்லாதவனுக்கு அந்த வீடு எட்டாக்கனி. முதலில் பட்டா, உடனே வீடு என்று இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று குறிக்கப்பட்ட ஆறு இனங்களுக்குத் தமிழ்நாட்டில் மத்திய சர்க்கார் தனி வீட்டுத் திட்டம் வைத்திருக்கிறது. அந்த ஆறில் மலையாளிகள் இல்லை. பட்டியலில் பெயரில்லை என்பதால் மலையில் மழை ஒழுகாமல் இருக்கிறதா?

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலி, அரைப்படி நெல் கூடக் கேட்டால், “என் மனையைக் காலி செய்” என்று கேட்டவன் வாயை அடைத்த காலம் உண்டு. கூலியைத் தாழ்த்த நிலப்பிரபுவின் கையில் இருந்த ஆயுதம் அந்தக் குடிசைதான். விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் சங்கமாகத் திரண்டு பல வருஷம் போராடினார்கள். 1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்கிற சட்டம் வந்தது. 1971-ல் அந்த மனையைக் குடியிருப்பவனுக்கே சொந்தமாக்குகிற சட்டம் வந்தது. நடக்காது என்றுதான் அன்றும் சொன்னார்கள்.

இன்று அதே ஆயுதம் ஆலைக் கொட்டகையாகவும் வரப்போரத் தார்ப்பாயாகவும் மாறியிருக்கிறது. நிற்க இடமில்லாதவன் நியாயக் கூலி கேட்க முடியாது. வீடற்றவனின் பிரச்னை வீடுள்ள தொழிலாளியின் கூலிப் பிரச்னையும் ஆவது இதனால்தான். வீடில்லாதவனைக் காட்டித்தான் வீடுள்ளவனின் கூலியையும் குறைக்கிறார்கள்.

ஆகவே தோழர்களே, அடுத்த வெட்டு தொடங்குமுன் உங்கள் ஆலைச் சங்கத்தில், உங்கள் ஊர்க் கிளையில் இந்தப் பேச்சை எடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் எடுத்துக்கொண்டு வயலோரக் குடிசைகளுக்குப் போங்கள். பெயர்களை எழுதுங்கள். எழுதியவர்களையும் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்.